கருத்தக்கண்ணனின் துண்டு

ஸ்டீயரிங்கில் காகிதக் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தபடியே போடியிலிருந்து அல்லிநகரம் வரை காரை ஓட்டி வந்திருந்தார் ஏலக்காய் வியாபாரி நாகராஜ். டிரைவரை விரட்டி இருபத்திரண்டு நாளாகிவிட்டது. மருந்துத் தண்ணீர் போட்டு மூன்று முறை துடைத்தும் ஆயிற்று. ஆனாலும் அவன் கை பட்ட ஸ்டீயரிங்கைத் தொட்டாலே அவருக்குக் குமட்டியது.

"ஏம்மா ஷெரின், இந்தக் கண்றாவிய வந்து பாரு" என்றார், கார் பாலீஷ் கடை வாசலில் இறங்கியதும் இறங்காததுமாக.

கடைக்காரி ஷெரின் டார்ச் அடித்துப் பார்த்தாள். கண்ணாடியாக மின்ன வேண்டிய கறுப்பு, சாம்பல் பூத்துக் கிடந்தது. பானட், கூரை, கதவு விளிம்பு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் மயிரிழைக் கோடுகள்.

"கறுப்புலயே இது ரொம்ப மிருதுவான பெயிண்டு அண்ணாச்சி. தூசி படிஞ்சா ஒண்ணும் ஆகாது, தண்ணியப் பீச்சுனா போயிரும். தூசியோட சேத்துத் தேச்சாத்தான் போச்சு. எதுல தொடச்சீக?"

"நான் எங்க தொடச்சேன்? அந்தக் கருத்தக்கண்ணன் தோள்ல ஒரு துண்டு கெடக்குமே, அதுலதான் தொடச்சிருப்பான். மூஞ்சியும் அதுலதான், வெத்தல எச்சியும் அதுலதான். த்தூ!"

"அவரா? இங்கன கழுவ வந்தா ரெண்டு வாளி கேட்டு வாங்குவாரு. சோப்புக்கு ஒண்ணு, துணி அலச ஒண்ணு. கீழ விழுந்த துணிய மறுபடி கையால தொட மாட்டாரே."

"நடிப்பும்மா. பதினோரு வருஷ நடிப்பு."

அந்த நடிப்பை அவரே கண்டுபிடித்த கதையைச் சொல்லவும் தொடங்கினார். இதோடு ஐம்பது பேரிடமாவது சொல்லியிருப்பார்.

ஆடி பிறந்து நாலாம் நாள். விடியப் போகும் நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், கார் மேலே கவர் இல்லை. மடித்துச் சுவரோரம் வைத்திருந்தது. காருக்குப் பக்கத்தில் கருத்தக்கண்ணன் முழித்துக்கொண்டு நிற்கிறான்.

"ஒரு ராத்திரி கவர் போடாம விட்டாலும் தோல உரிச்சிருவேன்னு சொல்லி வச்சிருந்தேன்மா. நாம தூங்குனதும் வண்டிய எடுத்துக்கிட்டு எந்தக் கழுதையையோ ஏத்திக்கிட்டுச் சுத்திட்டு வந்திருக்கான். மீட்டரப் பாத்தா, முந்துன சாயங்காலம் இருந்த அதே நம்பரு. அதையும் திருப்பி வைக்கத் தெரிஞ்ச களவாணி!"

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னத்தையோ சொல்ல வாயத் தெறந்தான். நான் விட்டாத்தான? அப்பவே பெட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்சேன்."

அப்போது அவருடைய போன் அடித்தது. கூடலூரில் ஜீப் ஓட்ட ஆள் வைத்திருக்கும் சசிதரன்.

"அண்ணாச்சி, கருத்தக்கண்ணன்னு ஒருத்தர் வேல கேட்டு வந்து நிக்கிறாரு. உங்ககிட்ட இருந்தவராம்ல. சேக்கலாமா?"

"வாசல்லயே நிப்பாட்டு! அவனச் சேத்தீன்னா உன் ஜீப்பு ராத்திரி உன் வீட்டுல இருக்காது. திருட்டுப்பய!"

போனை வைத்ததும் நாகராஜுக்கு வயிறு குளிர்ந்தது. போடி, தேனி, உத்தமபாளையம் என்று எல்லா ஊர் ஸ்டாண்டிலும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கூடலூர் ஒன்றுதான் பாக்கியிருந்தது. அதைத் தாண்டினால் கேரளா.

ஷெரின் குனிந்து கோடுகளை மறுபடியும் பார்த்தாள். அவள் முகம் மாறியிருந்தது.

"அவர விரட்டுனதுக்கு மொத நாள் இந்த வண்டி இங்கனதான் நின்னுச்சு. ஒரு கோடு இல்ல. அதுக்கப்புறம் யாரு கழுவுறா?"

"ஒரு பயலத் தொட விடல! பொழுதடஞ்சதும் நானே கவரப் போட்டு, நாலு பக்கமும் கயித்தால இழுத்துக் கட்டிட்டுத்தான் சோத்துல கை வைக்கிறேன்" என்றார் நாகராஜ் பெருமையாக.

"துண்டால தேச்சா வட்டம் வட்டமாத் தெரியும் அண்ணாச்சி. இதப் பாருங்க, எல்லாம் ஒரே வாக்குல ஓடுது. உங்க வீடு திறந்த வெளியில இருக்கு. ஆடிக் காத்து மண்ண வாரிக் கவருக்குள்ள போடுது. கவர் ராத்திரி பூராம் படபடன்னு அடிச்சு, உப்புத்தாள் வச்சுத் தேச்ச மாதிரி தேச்சிருக்கு."

நாகராஜுக்குச் சுருக்கென்றது. தன் கையால் கட்டிய கயிறு என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. வியாபாரி அல்லவா, கணக்கு உதைக்கும் இடத்தைச் சட்டென்று பிடித்தார்.

"அதெப்படிம்மா? அவன் இருந்தப்பவும் இதே கவருதான், இதே காத்துதான். நான் சொன்னா அவன் தெனமும் கவரப் போடத்தான் செஞ்சான். நானே பாத்துட்டுத்தான் போய்ப் படுப்பேன். அப்ப மட்டும் ஏன் ஒரு கோடு விழல?"

ஷெரின் டார்ச்சை அணைத்தாள்.

"நீங்க படுத்ததும் அவரு அதக் கழட்டிருவாரே, அண்ணாச்சி."