ப்ரூவிட் கடையின் மூக்கு

"வாயத் தொறக்காத, நோரீன். நீ பாட்டுக்கு ருசி பாரு. முடிவ நான் சொல்றேன்."

அண்ணன் வெண்டெல் கிளாஸை அவள் கையில் திணித்தான். நோரீன் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள்.

கென்டக்கியில் விஸ்கிக் கடை வைத்திருப்பவர்களில் வெண்டெல் ப்ரூவிட்டின் மூக்கைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. தன் கடைக்காக வடிசாலைக்கு வந்து, கிடங்கில் நிற்கும் பீப்பாய்களை மோந்து, ஒன்றே ஒன்றைப் பொறுக்கி மொத்தமாக வாங்கிப் போவான். அதிலிருந்து நிரப்பிய ஒவ்வொரு பாட்டிலிலும் 'தேர்வு: வெண்டெல் ப்ரூவிட்' என்று ஒட்டியிருக்கும். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் அவன் எடுத்த பீப்பாய்களுக்குத் தங்கப் பதக்கம். அந்த இரண்டு வருடமாகத்தான் தங்கையையும் கூட்டி வருகிறான். துணைக்கு ஆள் வேண்டுமாம்.

கிடங்குக்காரர் ஓடிஸுக்கு இன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரை என்ற தானியத்தில் வடித்த காரமான விஸ்கியை, பிரான்சில் இனிப்பு ஒயின் வைத்திருந்த மூன்று பீப்பாய்களுக்கு மாற்றி, மாதக்கணக்கில் ஊறவைத்துப் பார்த்தது அவருடைய யோசனை.

"ரைய ஒயின் பீப்பாய்ல ஊத்துறியே, புத்தி கெட்டுப்போச்சான்னு ஊரே சிரிச்சுது. நீ ஒண்ணு எடுத்துட்டுப் போனா போதும்பா, எல்லா வாயும் மூடிக்கும்" என்றபடி மூன்று பீப்பாய்களிலும் செம்புக் குழாயை விட்டு உறிஞ்சி, இருவருக்கும் தனித்தனிக் கிளாஸ்களில் இறக்கினார்.

முதல் பீப்பாய். நோரீன் ஒரு வாய் வைத்து, நாக்கில் உருட்டி, வாளியில் துப்பினாள். வெறும் பாகு. ரையின் மிளகுக் காரம் அடியில் எங்கேயோ மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது.

வெண்டெல் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மட்டும் உயர்த்தி, நெடுநேரம் தவம் இருந்தான்.

"இதுல அது இல்ல, ஓடிஸ். வேண்டாம்."

ஓடிஸ் பெரிய உபதேசம் கேட்டவர்போலத் தலையாட்டினார். நோரீனுக்கு வயிறு எரிந்தது. நான் நினைத்ததையே இவன் சொல்கிறான், பெயர் மட்டும் இவனுக்கு!

"வெண்டெல், இந்தத் தடவ லேபிள்ல என் பேரும் வரணும்."

"எதுக்கு?"

"எனக்கும் மூக்கு இருக்கு. போன வருஷம் நீ எடுத்தத, நான் உனக்கு முன்னாடியே மனசுக்குள்ள எடுத்துட்டேன்."

"மனசுக்குள்ள நான்கூடத்தான் கவர்னர்!"

ஓடிஸ் சிரித்துவிட்டார். நோரீனுக்கு முகம் சிவந்தது.

"அப்ப நாளைலேருந்து கடைல நீயே நில்லு. லெக்சிங்டன்ல ஒரு கடைல என்னை வா வான்னு கூப்பிடுறாங்க. இன்னிக்கு என் பேரு வரலன்னா, நான் போயிட்டே இருப்பேன்."

தன் பங்கில் மிச்சமிருந்த இரண்டு கிளாஸ்களையும் எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

இரண்டாவது மோசமில்லை. ஆனால் முடிவில் மரக் கசப்பு. மூன்றாவதை வாயில் வைத்தாள். முதலில் ஆப்ரிகாட் பழம். பின்னாலேயே தேன். சரி, அவ்வளவுதான் என்று நினைக்கும்போது தொண்டையிலிருந்து மிளகு கிளம்பி மேலே வந்தது, ஜம்மென்று. நோரீனுக்குத் தானாகச் சிரிப்பு வந்தது. இதுதான்! யார் சொல்லியும் இல்லை, நானே கண்டுபிடித்தேன். பெருமையில் நெஞ்சு விம்மியது. ஆனால் வாயைத் திறப்பதாக இல்லை. பெரிய மூக்கே கண்டுபிடிக்கட்டும்.

பின்னால் வெண்டெல் மூக்கை உறிஞ்சும் சத்தம். திரும்பத் திரும்ப உறிஞ்சும் சத்தம்.

"என்னப்பா, ரெண்டா, மூணா?" என்றார் ஓடிஸ். "லூயிவில் கடை ஆளுங்க வாசல்ல வந்து நிக்கிறாங்க. நீ விட்டத அவங்க தூக்கிடுவாங்க."

"இரு, இரு... நோரீன், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன்."

"எதுக்கு? மூக்கு உங்கிட்டதானே இருக்கு?"

"வெளிச்சத்த மறைக்கிற."

"ஜன்னல் உன் பின்னாடி இருக்கு."

வெண்டெல் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்தான். அவள் வெடுக்கென்று மறுபக்கம் திரும்பினாள். அவன் நெற்றியெல்லாம் வியர்வை. பீப்பாய் முன்னால் அண்ணன் இப்படித் தடுமாறி அவள் பார்த்ததே இல்லை.

"சரி... ரெண்டாவதே இருக்கட்டும்" என்றான் ஈனசுரத்தில்.

ஓடிஸ் இரண்டாவது பீப்பாயை நோக்கிப் போனார். நோரீனுக்குப் பொறுக்கவில்லை. கோபம் கிடக்கட்டும், இப்படி ஒரு விஸ்கியை எவனோ தூக்கிப் போவதா!

"மூணு! மூணாவதுதான்!" என்று கத்தியபடி திரும்பினாள். "உனக்கென்ன, மூக்கு அடைச்சிருக்கா?"

வெண்டெல் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பீப்பாயில் கையெழுத்துப் போடும் பேனாவை ஓடிஸிடமிருந்து வாங்கி அவள் கையில் கொடுத்தான்.

"மூணாவதுதான், ஓடிஸ். லேபிள்ல இவ பேர மட்டும் போடு."

"உன் பேரு?"

"என் பேரு எதுக்கு? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த காய்ச்சல்ல என் மூக்கு செத்துப்போச்சு, அன்னிலேருந்து ஒரு வாசனயும் தெரியாது" என்றான் வெண்டெல், பெருமை பொங்க. "பதக்கம் வாங்குன ரெண்டு பீப்பாயும் இவ மூஞ்சியப் பாத்து எடுத்ததுதான்!"