ஏழுக்கு முன்னால் முட்டை

"கோல்கீப்பருக்குப் போய் சீரோ ஏழு அடிச்சு வச்சிருக்கீங்களே, இது என்னங்க கூத்து?"

றொமேஷ் மஞ்சள் ஜேர்சியை மேசைமேல் விரித்துப் போட்டான். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்தப் பிரிண்டிங் கடையில், சூட்டு இயந்திரத்தை மூடிவிட்டு நிஷாலினி நிதானமாக நிமிர்ந்தாள்.

"தனி ஏழு குச்சி மாதிரி நிக்குது. அதான் முன்னுக்கு ஒரு முட்டை சேத்தேன்."

"ஏழே வேணாங்க! நான் எழுதிக் குடுத்தது ஒண்ணு. கோல்கீப்பர்னா ஒண்ணுதான்."

கூட வந்த ரஜீவ்தான் தோட்டத்து அணியின் அந்தக் கோல்கீப்பர். அவன் அடுத்த ஜேர்சியைத் தூக்கிப் பார்த்தான்.

"டேய் மச்சான், இதப் பாரு, எழுபத்தாறு! இத எங்க தாத்தாவுக்குத்தான் போட்டு விடணும்."

அணிக்கு ஐந்து பேர் ஆடும் போட்டி. மொத்தம் ஐந்து ஜேர்சிகள். ஒன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து என்று பெயர்களோடு றொமேஷ் எழுதிக் கொடுத்திருந்தான். அடித்திருந்ததில் ஒன்றுகூட அவரவருக்கு எழுதிய எண் இல்லை. கப்டனான அவனுக்கே பத்துக்குப் பதில் முப்பத்தெட்டு.

வேறு நாளாக இருந்தால் அவனுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. மூன்று மாதமாக அவன் இந்தக் கடைக்கு வருவதே ஏதாவது சாக்கு வைத்துத்தான். கோயில் திருவிழா பெனர், வாலிபர் சங்கத்து டீசேர்ட், இப்போது ஜேர்சி. ஒவ்வொரு முறையும் மனதில் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும் என்று வருவான். வாயைத் திறந்தால் உதைபந்தாட்டம்தான் வரும். இன்றோடு அவளுக்குக் கடையில் வேலை முடிகிறது. நாளைக் காலை ரயிலில் கொழும்புக்குப் போகிறாள். இன்றைக்காவது சொல்லிவிடுவது என்று தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு கட்டியிருந்தான். வந்து பார்த்தால் எழுபத்தாறு!

காசு லாச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நஸீர் முதலாளி தொண்டையைச் செருமினார். கடைக்கு வருகிறவர்களோடு வேலைப் பேச்சு மட்டும்தான் என்பது அவர் போட்ட சட்டம். அவருடைய ஒரு காது எப்போதும் நிஷாலினி பக்கமே இருக்கும்.

"ஒரு நம்பருக்கு எதுக்குங்க இவ்வளவு சண்டை?" என்றாள் அவள். "நம்பரா பந்த அடிக்கப் போகுது?"

"அப்புடிச் சொல்லாதீங்க. அந்தக் காலத்துல ஆளு எங்க நிக்கிறான்னு நம்பரப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க. ஒண்ணு காவல். அஞ்சு தடுக்கிற ஆளு. ஒன்பது கோல் அடிக்கிற ஆளு. பத்துனா டீமுக்கே மூளை."

"அதான் ஒனக்கு முப்பத்தெட்டு விழுந்திருக்கு," என்றான் ரஜீவ்.

"நீ சும்மா இர்றா!"

"ரஜீவ் அண்ணா சொல்றது சரிதானே," என்று நிஷாலினி சிரித்தாள்.

"பாருடா, நான் அண்ணா. இவனுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல!"

அவள் சட்டென்று குனிந்து ஜேர்சிகளை மடிக்கத் தொடங்கினாள். "அப்ப எல்லா நம்பருக்கும் ஒரு அர்த்தம் இருக்குங்கிறீங்க?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"கட்டாயம். சும்மா எந்த நம்பரும் கெடையாது."

"நீங்க சொன்னத நீங்களே மறந்துறாதீங்க."

"நான் மறக்கலைங்க. நீங்கதான் எழுதிக் குடுத்ததப் பாக்காம அடிச்சிருக்கீங்க. உரிச்சிட்டு வேற அடிங்க."

"உரிக்கிறதுக்குச் சூடு வச்சா துணி கருகிரும்."

முதலாளி எழுந்து வந்து பார்த்தார். "பிழைதான் தம்பி. புள்ளைக்குப் பயணப் பரபரப்பு. திங்கக்கிழமை வாங்க, வேற துணியில அடிச்சுத் தாறேன்."

"நாளைக்குக் காலையில மெட்ச் முதலாளி!"

றொமேஷ் ஜேர்சிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

"ஒங்க லிஸ்ட்ல இருந்த வரிசையிலதான் அடிச்சிருக்கேன்," என்று பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "இன்னொருக்கா நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேங்க," என்றான் திரும்பாமல்.

பஸ் ஏறி அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. போய் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மைதானத்தில் அவர்களைப் பார்த்து மற்ற அணிகள் கைதட்டிச் சிரித்தன. "எழுபத்தாறு, ஓடிருவியா? மூச்சு வாங்காதா?" என்று யாரோ கத்தினார்கள். றொமேஷுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. இந்நேரம் ரயில் பண்டாரவளையைத் தாண்டியிருக்கும். கொழும்பில் அவள் எங்கே தங்கப் போகிறாள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. இனி முதலாளியிடம் போய் விசாரிக்கவா முடியும்?

"ஏன்டா முகத்த இப்புடி வச்சிருக்க?" என்றான் ரஜீவ். "பேரு பதியக் கூப்பிடுறாங்க, போ."

கூடாரத்தில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தார் போட்டிச் செயலாளர் புவாத். தலைக்கு மேல் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"கப்டனா? கோல்கீப்பர்ல இருந்து வரிசையா நம்பரச் சொல்லுங்க தம்பி. ஒண்ணும் கேக்குதில்ல, ஒவ்வொரு இலக்கமாச் சத்தமாச் சொல்லுங்க."

லிஸ்ட்டில் இருந்த வரிசையிலேயே மற்ற நான்கு பேரும் முதுகைக் காட்டி நின்றார்கள். றொமேஷ் வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தான். "சீரோ, ஏழு... ஏழு, ஆறு..." ஒவ்வொரு முதுகாகப் படித்துக்கொண்டே போய், கடைசியாகத் தன்னுடைய "மூணு, எட்டு"டன் முடித்தான்.

புவாத் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"தம்பி, போன் நம்பரப் பொறகு தாங்க. மொதல்ல ஆட்டக்காரங்கட நம்பரச் சொல்லுங்க!"