ஏலாதவர்களின் வெள்ளிக்கிழமை

“இன்னும் இறுக்குங்கோ, ஐயா. முழுப் பலத்தையும் போடுங்கோ” என்றாள் டொக்டர் ஜெயந்தா.

குருசுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவியை இறுக்கினார். நெற்றி நரம்பு புடைத்தது. முள் மட்டும் பதினாலு கிலோவைத் தாண்டமாட்டேன் என்று நின்றது.

“ஏலாது, பிள்ளை. அறுபத்தெட்டு வயசிலை இனி எங்காலை பெலன்?”

போர் நின்று, சமாதானம் பேசிப் பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கு வந்த ஆராய்ச்சிக் குழு அது. வயது போகப்போகத் தசை கரைவதை இரத்தத்தைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லலாமா, ஆண்களுக்கும் பெண்களுக்கும் அந்த அடையாளங்கள் ஒன்றா வேறா என்று பார்க்க வந்திருந்தார்கள்.

எல்லோரிடமும் இரத்தம் எடுத்துவிட்டு, கை பலமாக இருந்தவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஏலாத எட்டுப் பேருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை தோறும் சரவணைச் சனசமூக நிலையத்தில் உடற்பயிற்சி. போகும்போது ஒரு பால்மாப் பெட்டி.

மூன்று மாதமாகக் குருசுமுத்து ஒரு வெள்ளியும் தவறவில்லை. புளியங்கூடலிலிருந்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து முதல் ஆளாக வந்துவிடுவார். மழித்த முகம், மடிப்புக் கலையாத சேட்டு.

பக்கத்துக் கதிரை செபஸ்தியம்மாவுடையது. புருசன் போன பின் கருவாடு போட்டு விற்று நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். கதிரையிலிருந்து எழும்பி எழும்பி இருக்கும் பயிற்சியில் இருவருக்கும் மூச்சு வாங்கும். வாங்கிய மூச்சு அடங்குமுன் கதை தொடங்கிவிடும், பிறகு சிரிப்பு.

அப்படி ஒரு வெள்ளியன்று பயிற்சி முடிந்து பால்மா கொடுத்தபோது செபஸ்தியம்மா வாங்கவில்லை. “வீட்டிலை கிடக்குது” என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த நீள மர வாங்கில் போய் இருந்தார்.

“ஐயா, நீங்கள் கொஞ்சம் நில்லுங்கோ” என்று ஜெயந்தா குருசுமுத்துவை மறித்தாள். “பொம்பிளையளின்ரை ரத்த றிப்போட் போன கிழமையே வந்திட்டுது. ஆம்பிளையளின்ரை இண்டைக்குத்தான் வந்தது.”

“என்னவாம்?”

“மற்ற ஆம்பிளையளின்ரை ரத்தத்திலை தசை கரையிற அடையாளம் வடிவாத் தெரியுது. உங்கடையிலை ஒண்டுமே இல்லை. கை ஒரு கதை சொல்லுது, ரத்தம் வேறை கதை சொல்லுது.”

“குழாய் மாறியிருக்கும், பிள்ளை.”

“ரெண்டு தரம் பாத்தாச்சு. அது சரி, இப்ப என்ன தொழில் செய்யிறியள்?”

“சும்மா... வலை இழுக்கிறனான்.”

“எந்தெந்த நாள்?”

குருசுமுத்து கூரையைப் பார்த்தார். “ஞாயிற்றுக்கிழமை போறேல்லை.”

ஜெயந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பிறகு ஏன் ஐயா இந்த நடிப்பு?”

அவர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“என்ரை மனுசி கண்ணை மூடி ஒன்பது வருசம். ஊருக்கை நான் செபஸ்தியம்மாவோடை ரெண்டு சொல்லுக் கதைச்சால் சந்தி முழுக்க அதுதான் கதை. இஞ்சை கதைச்சால் அது வைத்தியம். முதல்நாள் வரிசையிலை நிக்கேக்கை, ஏலாத ஆக்களுக்குத்தான் வெள்ளிக்கிழமை வகுப்பு எண்டு சொன்னியள். ‘நீங்கள் வருவியளோ?’ எண்டு அவ என்னைக் கேட்டா. ‘ஓம், எனக்குக் கை ஏலாது’ எண்டு வாயிலை வந்திட்டுது. பிறகு பாத்தால், பாவம், அவவின்ரை கையும் பத்துக் கிலோதான் காட்டினது. நானும் மெல்லமாப் பிடிச்சு விட்டிட்டன்.”

“ஐயா, பொய்க் கணக்கை வைச்சு ஆராய்ச்சி செய்யேலாது. உங்கடை பேரை வெட்டத்தான் வேணும்.”

“வெட்டுங்கோ, பிள்ளை. பால்மாப் பெட்டியள் கட்டிலுக்குக் கீழை உடைக்காமல் அப்பிடியே கிடக்குது. நாளைக்கே கொண்டந்து தாறன். ஆனால் அவவுக்கு நீங்கள் ஒண்டும் சொல்லாதையுங்கோ. அவ உண்மையான வருத்தக்காரி. ஏலாத மனுசரோடை நான் விளையாடினன் எண்டு நினைச்சுப்போடுவா. நானே சொல்லுறன்.”

“நீங்களே சொல்லுறதுதான் நல்லது” என்றாள் ஜெயந்தா. அவள் அவசரமாகக் குனிந்து கடதாசிகளை அடுக்கத் தொடங்கினாள்.

கடல் கொந்தளிக்கும்போதுகூடக் கலங்காத மனுசன், சேட்டை இரண்டு தரம் இழுத்துவிட்டுக்கொண்டுதான் வாசலுக்கு நடந்தார். வாங்கின் மறு நுனியில் போய் இருந்தார். செபஸ்தியம்மா திரும்பிப் பார்த்தார்.

“இனி வெள்ளிக்கிழமையளிலை நான் வரேலாது” என்றார் குருசுமுத்து.

“ஏன்?”

“நீர் உண்மையா ஏலாமல் வாறனீர். நான் பொய்க்கு வந்தனான். என்ரை கைக்கு ஒரு குறையும் இல்லை. உம்மோடை இருந்து கதைக்கத்தான் வந்தனான். ரத்தம் காட்டிக்குடுத்திட்டுது, டொக்டர் பேரை வெட்டிப்போட்டா.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஏச்சு விழும், அல்லது எழும்பிப் போய்விடுவார் என்றுதான் காத்திருந்தார். செபஸ்தியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

“என்னைப் போன வெள்ளியே வெட்டிப்போட்டா.”