தூங்கட்டும், பாவம்

ஊரடங்கு வந்ததிலிருந்து வேல்விழியின் அம்மாவுக்கு என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை. விடியுமுன் கத்தி எழுப்புகிறவள், இப்போது மகள் பத்து மணி வரை தூங்கினாலும் போர்த்திவிட்டுப் போனாள்.

வேல்விழி நன்றாக வாலிபால் ஆடுவாள். அதற்காகத்தான் தண்டலம் கல்லூரியில் அவளுக்கு இடமே கிடைத்தது. அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். இப்போதோ, போனில் வகுப்பு கேட்டு உட்கார்ந்தே கிடந்ததில் சுடிதாரெல்லாம் இறுக்கியது.

"நாளைலேர்ந்து ஓடப் போறேம்மா. இந்த ஒடம்ப வெச்சிகினு போனா டீம்ல சேத்துக்க மாட்டாங்க."

"வெளிய கொரோனா கீது, ஓட்டமாம் ஓட்டம்! தோசைக்கு இன்னும் கொஞ்சம் நெய் ஊத்தட்டா?"

"மொட்டை மாடியிலயாவது ஸ்கிப்பிங் பண்றேனே."

"படிக்கிற புள்ள, களைச்சிப் போயிடுவ. படு தங்கம்."

ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கிற அம்மா, தன்னை இப்படித் தாங்குகிறாளே என்று வேல்விழி உருகிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வல்லக்கோட்டையிலிருந்து ஓர் அம்மாள் மகனோடு வந்து இறங்கினார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, வேல்விழியை ஏற இறங்கப் பார்த்தார்.

"போட்டோல குச்சியாட்டம் கீது, கொஞ்சம் சதை போடட்டும்னு சொன்னேன். சொன்ன மாதிரியே தேத்திட்டியேம்மா! இப்பன்னா கல்யாணத்த அம்பது பேரோட வூட்லயே முடிச்சிடலாம். செலவும் கம்மி."

வேல்விழி அம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப என் காலேஜ்?"

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அதான் போன்லயே நடக்குதே. எந்த வூட்ல ஒக்காந்து பாத்தா இன்னா?"