கரையில் ஒரு வளை

கழிமுகத்து நண்டுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே வேலைதான். கடலுக்கும் தவளையின் நன்னீர்க் குட்டைக்கும் நடுவே இருந்த மண்கரையை அது உயர்த்திக்கொண்டே இருந்தது. பௌர்ணமிதோறும் கடல்தண்ணீர் ஏறிய உயரத்தைத் தாழை வேரில் கீறி வைக்கும். அதற்கு மேல் ஒரு கொடுக்கு உயரம் மண் போடும். கரையில் வளை தோண்ட வந்த எலிகளையும் சொந்தக்கார நண்டுகளையும் ஈவிரக்கமில்லாமல் விரட்டும்.

ஐப்பசிப் பௌர்ணமியன்று காலை, தண்ணீர் இதுவரை இல்லாத உயரத்துக்கு ஏறியது. கரையைத் தாண்டவில்லை. ஆனாலும் குட்டை உப்புக் கரித்தது.

"எங்கேயோ கசியுதுண்ணே. என் தலைப்பிரட்டைங்க துடிக்குதுங்க," என்றது தவளை.

நண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிப் பார்த்தது. ஒரே இடத்தில்தான் தண்ணீர் பீறிட்டது. வேலைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று நண்டு கரையில் தனக்காகத் தோண்டிய வளை அது.

"இது உங்க வீடாச்சே," என்றது தவளை.

நண்டு கடல் பக்கம் இறங்கி, வளையின் வாயை முதுகால் அடைத்துக்கொண்டது.

"குட்டைப் பக்கமிருந்து களிமண்ணைத் திணி."

தவளை தயங்கியது.

"திணின்னு சொன்னேன்ல."

தண்ணீர் வடிந்தபோது வளை முழுக்க மண்ணாகியிருந்தது. அலை மோதியதில் ஒரு கால் ஒடிந்த நண்டு கரைக்கு வெளியே நின்றது.

"உங்க வீடு போச்சேண்ணே."

"ஓட்டைதான் போச்சு," என்றபடி நண்டு தாழை வேரில் புதுக்கோடு கீறப் போனது.