பாஸ்வேர்டு கேட்கும் லேப்டாப்

திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் இருந்தபடி வீட்டுப் போட்டோக்களையெல்லாம் காத்துவந்தது. செல்போன் புதுப் படத்தோடு எப்போது வந்தாலும் லேப்டாப் பாஸ்வேர்டு கேட்கும்.

"தினமும் வர்ற எங்கிட்டயுமா?" என்று செல்போன் சலித்துக்கொள்ளும்.

"உங்கிட்டயும்தான்," என்னும் லேப்டாப்.

ஒருநாள் பஸ்ஸில் செல்போன் திருடுபோனது. திருடன் அதன் பூட்டை எப்படியோ திறந்து, அதை வைத்தே வீட்டு லேப்டாப்புக்குள்ளும் நுழையப் பார்த்தான். செல்போன் பதறியது.

"பாஸ்வேர்டு?" என்றது லேப்டாப். திருடன் எதையெதையோ அடித்தான்.

"நீ யாரோ, எனக்குத் தெரியாது," என்று லேப்டாப் கதவைச் சாத்திக்கொண்டது.

திருடன் செல்போனை விற்பதற்காக அதிலிருந்த படங்களை அழித்தான். வீட்டுக் குழந்தை இதழினி முதல் பல்லைக் காட்டிச் சிரித்த படமும் போனது. பக்கத்தில் கிடந்த இன்னொரு திருட்டு போன், "உனக்கு அழுகை வரலையா?" என்று கேட்டது.

"எதுக்கு? எல்லாம் எங்க வீட்ல பத்திரமா இருக்கு," என்றது செல்போன் பெருமையாக. "அங்க என்னையே உள்ள விடமாட்டாங்க."