மங்கோலியாத் துறைமுகம்

"மூணு ஸ்டாம்ப் காணோம்" என்றார் ஜம்புநாதன்.

"முந்நூறு போனாலும் எனக்குச் சந்தோஷம்தான்" என்றாள் மனைவி பட்டு, கீரை ஆய்ந்துகொண்டே.

புனேயில், வானவடியில் அந்த மூன்றாவது மாடி வீட்டில் ஸ்டாம்ப் என்றால் சாதாரண ஸ்டாம்ப் இல்லை. முத்திரை விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு நாளும் தபாலில் போயிருக்கக் கூடாது. சேகரிப்பவர்களுக்கு விற்பதற்கென்றே சில நாடுகள் அச்சடித்த கையோடு முத்திரையும் குத்திவிடும். நாலு ஸ்டாம்ப் கூடுகிற இடத்தில் ஒரே குத்து. ஆளுக்குக் கால் வட்டம். முன்னால் மை, பின்னால் பசை அப்படியே. டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் ரிடயர் ஆனதிலிருந்து ஜம்புநாதன் அதை மட்டும்தான் சேர்க்கிறார். கடிதத்தில் ஒட்டி வந்த ஸ்டாம்பை யாராவது ஆசையாக நீட்டினால், "ஊர் சுத்தினது, எனக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"ஒரு நாள்கூட வேலைக்குப் போகாம ரிடயர் ஆன ஸ்டாம்ப். அதைத் திருட ஒரு ஆளா?" என்றாள் பட்டு.

"சனிக்கிழமை கேம்ப் ஏரியால ஸ்டாம்ப் கண்காட்சி. நூத்தியிருபதுன்னு எழுதிக் கொடுத்தாச்சு. மூணு குறைஞ்சா உள்ளேயே விடமாட்டான்."

பட்டு கீரையைத் தள்ளி வைத்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது. உங்க லியோனார்ட் ஞாயித்துக்கிழமை தவறாம வரார். முன்னெல்லாம் ஒரு காபியோட சரி. இப்ப காபி, அப்புறம் மோர், அப்புறம் வெந்நீர். நான் கோயிலுக்குப் போயிடறேன். ஒவ்வொண்ணுக்கும் எழுந்து உள்ளே போறது யாரு?"

ஜம்புநாதன் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். முப்பது வருஷச் சிநேகிதம். இன்றோடு சரி.

இரண்டு தெரு தள்ளி லியோனார்டின் வீடு. கதவைத் திறந்த லியோனார்ட், சிநேகிதரின் முகத்தைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். மனைவி மில்ட்ரெட்தான் உள்ளே கூப்பிட்டாள்.

"வாங்க அண்ணே. நல்ல நேரத்துக்கு வந்தீங்க. கிரேக் லெட்டர் போட்டிருக்கான்."

கிரேக் அவர்களுடைய ஒரே மகன். சரக்குக் கப்பலில் வேலை.

ஷோகேஸில் மூன்று கவர்கள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் க்யூபா மீன். ஒன்றில் போலந்துப் பாய்மரக் கப்பல். ஒன்றில் மங்கோலிய ஒட்டகம். மூன்று ஸ்டாம்பும் ஜம்புநாதனுடையவை.

"எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுல்லா. இவுகதான் வாசிச்சுக் காட்டுவாக. நான் ஸ்டாம்பத் தடவிப் பாத்துக்கிடுவேன்" என்றாள் மில்ட்ரெட். "இப்போ கப்பல் மங்கோலியாத் துறைமுகத்துல நிக்குதாம்."

மங்கோலியாவைச் சுற்றி நாலு பக்கமும் தரைதான். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்த லியோனார்டுக்கு அது தெரிய நியாயமில்லை. சமையலறை வாசலில் கையில் தண்ணீர் டம்ளருடன் நின்றிருந்தார். குடிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

"பெரிய துறைமுகம்" என்றார் ஜம்புநாதன்.

"ஞாயித்துக்கிழமை என் அக்கா மக அலினா வாரா. போஸ்ட் ஆபீஸ்ல இருக்கா. அவளுக்கு எல்லாத்தையும் காட்டணும். அதுக்கு முந்தி நீங்க பாத்துச் சொல்லுங்க. நல்ல ஸ்டாம்பா? உங்களுக்குப் பிடிச்சா மூணையும் எடுத்துக்கிடுங்க. உள்ள இருக்க காயிதம் போதும் எனக்கு."

கேட்காமலே கிடைக்கிறது. கண்காட்சிக்கு இன்னும் இரண்டு நாள்.

ஜம்புநாதன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மை ஸ்டாம்பின் ஓரத்தோடு, கத்தரித்த மாதிரி நின்றிருந்தது. கவரில் ஒரு பொட்டு இல்லை.

மூன்றையும் பழைய இடத்திலேயே வைத்தார்.

"ஊர் சுத்தினது. எனக்கு ஆகாது."

மில்ட்ரெட்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நிசம்மாத் தபால்ல வந்ததுன்னா அண்ணனுக்குப் பிடிக்காதே" என்று பாகர்வடிப் பலகாரத் தட்டை நகர்த்தினாள்.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது லியோனார்ட் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஜம்பு, அவன் என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போயி பதினாலு மாசம் ஆச்சு. நம்பரையும் மாத்திட்டான். நல்லா இருக்கான்னு கம்பெனியில சொல்லுதாங்க, அவ்வளவுதான். இவளுக்குச் சோறு எறங்கல. லெட்டரை நானே எழுதினேன். உன் ஸ்டாம்புலதான் முத்திரையும் இருக்கு, பசையும் இருக்கு. எச்சி தொட்டு ஒட்டினாப் போதும்..."

"உனக்கு அறிவு இருக்கா?"

லியோனார்ட் தலையைக் குனிந்துகொண்டார். "திருடினது தப்புதான்."

"திருட்டைப் பத்தி இப்ப யாரு பேசினா? முத்திரைன்னா பாதி கவர்லயும் விழணும். போஸ்ட் ஆபீஸ்காரி பார்த்த உடனே பிடிச்சுடுவா. காலம்பற மீனையும் கப்பலையும் எடுத்துண்டு என் வீட்டுக்கு வா. காம்பஸ் இருக்கு, கறுப்பு மை இருக்கு. மிச்ச முக்கால் வட்டத்தை நான் போட்டுத் தரேன். ஒட்டகத்தை மட்டும் அவ வரதுக்குள்ள எங்கேயாவது தொலைச்சுடு."

ஸ்கூட்டர் நகர்ந்தது. தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்து நின்றது.

"ஆல்பம் மேஜை மேலதான் இருக்கும். அடுத்த தடவை கடல் இருக்கற நாடாப் பார்த்து எடு."